இருபத்தொன்றாவது நாளும் ஆறாவது மாடியும்

லிஃப்ட் பரிசோதகரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அபாயம் என்றுதான் கூப்பிட்டார்கள். அபாயம் வந்தாச்சா, அபாயம் சாப்பிடப் போயிருக்கார், இந்த ஃபைலை அபாயத்துகிட்ட கொடு. முப்பத்தொரு வருஷம் இப்படியே போனதில், சம்பளச் சீட்டில் அச்சடித்திருக்கும் பெயர் யாருடையது என்று அவருக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும்.

சும்மா வந்த பட்டம் இல்லை அது. மின்விசிறிக்கு நேர் கீழே அவர் உட்கார்ந்து இந்தப் பூமியில் ஒருவரும் பார்த்ததில்லை. வேறு நாற்காலியே இல்லாத நாட்களில் தலையில் ஒரு தட்டைக் கவிழ்த்துக்கொண்டு உட்காருவார் என்று பேச்சு உண்டு. தட்டெல்லாம் இல்லை, சாப்பாட்டு டப்பாவின் மூடிதான் என்று நேரில் பார்த்தவர்கள் திருத்துவார்கள். தன் கல்யாணத்தன்று மாலையும் கையுமாக மேடை ஏறியவர், மணப்பெண்ணை ஒரு தடவையும் மேடையின் கால்களை நாலு தடவையும் குனிந்து பார்த்தாராம். மகளுக்கு முதல் சைக்கிள் வாங்கிய அன்று முன்னால் ஒரு தலையணை, பின்னால் ஒரு தலையணை, முழங்கைக்கு இரண்டு என்று கட்டி அனுப்பினார். வீட்டில் மெத்தை வியாபாரம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று தெருக்கோடியிலிருந்து ஒருவர் விலை கேட்டு வந்தார்.

பதினோரு வயதுவரை அந்தப் பெண் பால்கனியில் கால் வைத்ததில்லை. இப்போது அவளுக்கே ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை.

கதை அந்தக் குழந்தையைப் பற்றியதுதான். அபாயத்துக்கு வேலையிலிருந்து ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதே நாளில் மகளுடைய பிரசவ விடுப்பும் முடிகிறது. பகலெல்லாம் குழந்தையைத் தாத்தாவிடம் விடுவாள், வேறு எங்கே விடுவாள் என்று அவர் தன்பாட்டுக்குக் கோட்டை கட்டியிருந்தார். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், நமக்கு ஏழு மாசத்துல ஒரு முதலாளியம்மா கிடைச்சிருக்காங்க என்று சொல்லிச் சிரிப்பார். அதைத் தவிர அவரிடம் வேறு திட்டம் கிடையாது. யோசித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைக்கு அப்பால் ஒரு பெரிய வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அந்தச் சுவரில் விரிசல்கூட இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதற்கு.

மகள் ஒரு நாள் வந்தாள். குழந்தைகள் காப்பகத்தில் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"என்னை வளர்த்த மாதிரி இவளை வளர்க்க விடமாட்டேன்பா. விழுந்துடுவே விழுந்துடுவேன்னு கேட்டுக் கேட்டு நான் நடக்கவே ரெண்டு வயசாச்சு. இன்னிக்கும் ஒரு நல்ல சேதி வந்தா எனக்கு முதல்ல வயிறுதான் கலங்குது."

இங்கேதான் அவருடைய மனைவி உள்ளே புகுந்தாள். அவள் ஆறு மாதமாக வங்கிக் கட்டடத்தின் மாடியில் நடக்கும் ஒரு மனப்பயிற்சி வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நோக்கத்தோடு வாழ்வது எப்படி என்பது பாடம். பயிற்சியாளர் வெள்ளைச் செருப்பு போட்ட, சிரித்தபடியே பிறந்திருக்கக்கூடிய ஒரு மனிதர். அவர் கொடுக்கும் இருபத்தொரு நாள் விரதத்தை முடித்தவன் வேறு ஆளாக எழுந்து நடப்பான் என்பது அவள் நம்பிக்கை. விரதம் எளிது. பயத்தின் சொற்களை வாயாலும் சொல்லக்கூடாது, கையாலும் எழுதக்கூடாது. அந்தச் சொற்கள் இவை: இல்லை, ஆனால், ஒருவேளை, ஐயோ, விழுந்துவிடும், உடைந்துவிடும். ஒன்று தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து. அப்பா இதை முடித்தால் காப்பகத்திலிருந்து பெயரை எடுத்துவிடு என்றாள் தாய். மகள் கொஞ்சம் யோசித்துச் சரி என்றாள். அப்பாவால் முடியவே முடியாது என்ற தைரியம்தான்.

முதல் முயற்சி பதினோரு நிமிடம் நீடித்தது. வகுப்பறை வாசலைத் தாண்டும்போதே, கம்பளத்துக்கு அடியில் மின்வயர் போகிறதே என்று பயிற்சியாளரிடமே சொல்லிவிட்டார். இரண்டாவது முயற்சி இரண்டு நாள். மூன்றாவதில் ஆறாம் நாள் தூக்கத்தில் உளறினார். மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தவள், நோட்டில் நேரத்தோடு குறித்துவைத்தாள். நாலாவது முயற்சி பதினாலாம் நாள் பேருந்தில் முடிந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடையால் பிடித்துக்கொண்டு கைபேசியில் பேச, அபாயம் ஒரே மூச்சில் ஏழு சொற்களைக் கொட்டினார். அதில் மூன்று பட்டியலிலேயே இல்லாதவை. யாரும் பார்க்காத இடத்தில் நடந்ததுதானே என்று மறைத்திருக்கலாம். மனிதருக்குப் பொய் மட்டும் வராது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

ஐந்தாவது முயற்சி ஆரம்பித்தபோது கணக்குப் பார்த்தார்கள். இருபத்தொன்றாவது நாள், அவருடைய கடைசி வேலை நாள், மகளுடைய விடுப்பின் கடைசி நாள், மூன்றும் ஒன்று. ஆறாவது முயற்சிக்கு இடமே இல்லை.

இந்தத் தடவை பல்லைக் கடித்தார். அடுப்பில் துணி பற்றிக்கொள்ளப் போனபோது வாய் திறக்காமல் துணியை எடுத்து வாளியில் போட்டார். சொல்ல முடியாத சொற்களெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றதில் கழுத்து ஒரு சுற்று பெருத்துவிட்டது என்று சட்டைப் பொத்தான்களே சாட்சி சொல்லின. பத்தாம் நாள் மகள் தானாகவே தொலைபேசியில் பேசினாள். பதினாலாம் நாள் சிரித்தாள். பதினெட்டாம் நாள் குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு அடுத்த அறைக்கே போய்விட்டாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூச்சுவிட்டால் ஏதாவது சொல்லாகிவிடுமோ என்று.

அந்த நாட்களில்தான் அவருக்குள் ஒரு புழு புகுந்தது. கெட்டதை நினைக்கிறவன்தான் கெட்டதை வரவழைக்கிறான் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். வாய் மூடிய இந்த நாட்களில் எதுவுமே விழவில்லை, எதுவுமே உடையவில்லை. அப்படியானால் முப்பத்தொரு வருஷமாகப் பழுதைத் தேடியதால்தான் பழுது கிடைத்ததா? சந்தேகப்பட்டே பிழைப்பு நடத்திய மனிதர், முதன்முறையாகத் தன் சந்தேகத்தையே சந்தேகப்பட்டார். இது பெரிய விபரீதம். அவர் அதைத் தெளிவு என்று நினைத்துக்கொண்டார்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார்கள். வாழ்க்கையின் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிவர வேண்டும். இருபத்தொன்றாம் நாள் மேடையில் படிக்க வேண்டும். அபாயத்தின் அட்டை காலியாகவே இருந்தது. குழந்தை என்று எழுதலாம். அந்தக் குழந்தை இன்னும் கைக்கு வரவில்லையே.

இருபத்தொன்றாம் நாள் காலை, கடைசி வேலையாக மகள் குடியிருக்கும் கட்டடத்தையே அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். ஊரிலேயே ஒழுங்கான லிஃப்ட் இருக்கும் இடம் என்று சொல்லி அந்தக் கட்டடத்தை மகளுக்குப் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். பழைய லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துத் திறக்கும் கதவு, அதில் ஒல்லியாக ஒரு கண்ணாடி. லிஃப்ட் வந்து நின்றால்தான் கதவின் கொக்கிப் பூட்டு விடும். வராத நேரத்தில் எவ்வளவு இழுத்தாலும் திறக்கக்கூடாது. இதைச் சோதிக்க அவரிடம் ஒரு சொந்த முறை இருந்தது. பேருந்துச் சீட்டை மடித்துக் கொக்கி விழும் இடுக்கில் வைப்பார். கதவை மூடி இழுப்பார். பூட்டு நன்றாகக் கடித்தால் சீட்டில் இரண்டு பல் தடம் விழும். எடுத்து மாடி எண்ணை எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஊரில் உள்ள அத்தனை லிஃப்ட்களும் அவருடைய சட்டைப்பையில் பல்லைக் காட்டியிருக்கின்றன.

கீழே ஐந்து மாடியும், மேலே ஏழும் எட்டும் சரி. கடைசியாக வைத்திருந்த ஆறாவது மாடியில், மகளுடைய மாடியில், லிஃப்ட் மேலே நிற்கும்போது இழுத்தார். கதவு விரலளவு திறந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூடிவிட்டு மறுபடி இழுத்தார். இப்போது பிடித்துக்கொண்டது. மகளின் வீட்டுக்குள் அவள் குழந்தையிடம் கொஞ்சிப் பேசுவது கேட்டது. படிவத்தில் 'சரி', 'சரியில்லை' என்று இரண்டு சொற்கள் அச்சடித்திருந்தன. சரியில்லை என்பதில் ஒரு 'இல்லை' இருக்கிறது. அதைத் தொட்டால் வீட்டுக்குப் போய்ச் சொல்லியாக வேண்டும். நோட்டில் விழும். மகளுக்குத் தெரியும். நாளைக் காலை குழந்தை காப்பகத்துக்குப் போகும்.

ஒரு தடவை விட்டது, ஒரு தடவை பிடித்தது. பிடித்ததை நினை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாளைக்கு வந்து, யாருக்கும் தெரியாமல், தன் கையாலேயே கொக்கியை மாற்றிவிடலாம். ஒரே ஒரு நாள். தொழிலில் சேர்ந்த முதல் வாரம் தொட்டு அவர் மாற்றாத வழக்கம், மூன்று தடவை இழுப்பது. மூன்றாவது தடவை இழுக்கவில்லை. 'சரி' என்பதில் வட்டம் போட்டுக் கையெழுத்திட்டார். காவல்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அண்ணே, ஒரு குறையும் இல்லாம நீங்க கையெழுத்து போட்டு இப்பதான் பார்க்கிறேன், இதைக் கண்ணாடி போட்டு மாட்டிடறேன் என்றார். சொன்னபடி மாட்டியும் விட்டார்.

மாலை நாலு மணிக்கு வகுப்பு. நாற்பது பேர் கைதட்ட அவர் மேடை ஏறினார். மனைவி முதல் வரிசையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கப் போகும் பிள்ளையின் தாய் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு மனிதன் மனசை மாத்தினா என்ன ஆகும்கிறதுக்கு இதோ நிக்கிறாரு பாருங்க என்றார் பயிற்சியாளர். இனிமே இவரை அபாயம்னு கூப்பிடறவங்களுக்கு நான் அபராதம் போடுவேன் என்றதும் அரங்கமே சிரித்தது. பிறகு நோக்கத்தைப் படிக்கச் சொன்னார்.

அபாயம் சட்டைப்பையில் கைவிட்டார். மஞ்சள் அட்டைக்குப் பதிலாகப் பேருந்துச் சீட்டுக்கட்டு வந்தது. மேலாக இருந்தது ஆறு. அதில் ஒரு பல் தடம்தான் இருந்தது. அதுவும் ஓரத்தில், நகத்தால் கீறியது போல. இரண்டாவது பல் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. கொக்கி, கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்டை ஏமாற்றி ஓடவிடும் அளவுக்குத் தொடுகிறது. கதவைப் பிடிக்கும் அளவுக்குக் கடிக்கவில்லை. பிடித்தது என்று நினைத்ததுகூடப் பிடிப்பு இல்லை.

"படிங்க சார்," என்றார் பயிற்சியாளர்.

"கதவு திறந்துடும்," என்றார் அபாயம்.

அரங்கம் இதை ஏதோ தத்துவம் என்று எடுத்துக்கொண்டு இடி மாதிரி கைதட்டியது. மனைவி மட்டும் தட்டவில்லை. அவளுக்கு அந்தக் குரல் தெரியும். அவர் மேடையிலிருந்து குதித்தார், படி இருந்தும். நாற்காலியைக்கூட ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காரும் மனிதர் குதித்தார்.

வாசலிலேயே காவல்காரருக்குப் போன் செய்தார். லிஃப்டை உடனே நிறுத்து என்றார். காவல்காரர் சிரித்தார். போன வருஷம் மட்டும் நாலு தடவை அவர் சொல்லி நிறுத்தி, நாலு தடவையும் ஒன்றுமில்லை என்றாகி, குடியிருப்பவர்களிடம் திட்டு வாங்கியது காவல்காரர்தான்.

"அண்ணே, சுவத்துல உங்க கையெழுத்துதான் தொங்குது. சரின்னு வட்டம் போட்டிருக்கு. நான் உங்களை நம்பறதா, உங்க கையெழுத்தை நம்பறதா?"

சுவிட்ச் மொட்டைமாடி அறையில் இருக்கிறது, சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது, அவர் ஆறு மணிக்கு வருவார், பேசிக்கலாம் என்று வைத்துவிட்டார். அபாயம் மகளுக்குப் போட்டார்.

"அப்பா, முடிஞ்சுதா? முடிச்சுட்டீங்களா?" அவள் குரல் சந்தோஷத்தில் துள்ளியது. "நீங்க வர்றப்ப பாப்பா வாசல்ல இருக்கணும்னு டிரெஸ் பண்ணி வெச்சிருக்கேன். இதோ கீழ இறங்கி வரோம்."

"வராதே. லிஃப்ட் கதவு ஒருவேளை..."

"ஐயே, கடைசி நாள்ல என்ன விளையாட்டு இது," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஓடினார். வலது பக்கம் மூன்று தடவை, இடது பக்கம் மூன்று தடவை பார்த்துவிட்டு, அதற்குள் வெளிச்சம் மாறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும் மனிதர், ஆறு தெருக்களை எந்தப் பக்கமும் பார்க்காமல் கடந்தார். லாரிகள் அலறி நின்றன. எவனோ வண்டியிலிருந்து அவருடைய வம்சத்தையே விசாரித்தான். பின்னால் மனைவி ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் நோட்டுமாக ஓடிவந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் அவர் மனதில் ஆயிரம் பேர் விழுந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எப்படி விழுவார்கள், எந்த மாடியில் கை எதில் படும் என்பதுவரை அவருக்குத் தெரியும். இந்தப் பதினைந்து நிமிடத்தில் அந்த ஆயிரம் பேருக்கும் ஒரே முகம். இடுப்பில் இன்னொரு சின்ன முகம். ஐயோ, ஐயோ, ஐயோ என்று காலடிக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே ஓடினார். இருபத்தொரு நாள் பாக்கியையும் தீர்த்துவிட்டார்.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் லிஃப்ட் கதவின் ஒல்லிக் கண்ணாடி வழியாகக் கீழே பள்ளத்தைப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். அடியில் ஏதோ ஒன்று கிடந்தது. சின்னதாக, இளஞ்சிவப்பாக.

அவர் அந்தப் படிகளை எப்படி ஏறினார் என்று இதுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. முழங்கால் தேய்ந்தவர். மருத்துவர் ஒரு மாடிக்கு மேல் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார். நாலாவது மாடியில் கையால் ஏறினார் என்று பார்த்தவர்கள் உண்டு.

ஆறாவது மாடியில் கதவு ஒரு முழம் திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. இருட்டும், அதன் நடுவில் தொங்கும் கிரீஸ் பூசிய கம்பிக் கயிறுகளும்தான்.

மகள் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கியிருந்ததில் அது மூச்சுத் திணறி அழுதுகொண்டிருந்தது.

அவர் முதலில் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதன் மேலேயே முதுகை வைத்துச் சரிந்து உட்கார்ந்தார்.

"கிலுகிலுப்பை விழுந்துச்சு," என்றாள் மகள். அவரைப் பார்க்கவில்லை. "சத்தம் வர எவ்வளவு நேரமாச்சு தெரியுமாப்பா."

அவர் கதவை முதுகால் இன்னும் அழுத்தினார்.

"கதவு தானா வந்துடுச்சு. கால் தூக்கிட்டேன். கண்ணாடியில வெளிச்சம் இருக்கான்னு பார்த்துட்டுக் கால் வைன்னு சின்ன வயசுல சொல்லிச் சொல்லி உயிரை எடுப்பீங்களே. அந்தப் பழக்கத்துல பார்த்தேன். இருட்டா இருந்துச்சு. அதனால நின்னேன். வேற ஒண்ணுமில்ல."

கீழே எங்கேயோ மனைவி மூச்சிரைக்கப் படியேறி வரும் சத்தம் கேட்டது.

"காலையில நீங்கதானே பார்த்தீங்க?"

"ஆமா."

"தெரியலையா?"

பொய் வராத மனிதர் என்று முன்பே சொன்னேன். அந்த நேரத்தில் ஒரே ஒரு பொய் வந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? வரவில்லை.

"தெரிஞ்சுது. முதல் தடவை விட்டுடுச்சு. ரெண்டாவது தடவை பிடிச்ச மாதிரி இருந்துச்சு. மூணாவது தடவை நான் இழுக்கல."

"ஏன்?"

"இன்னிக்கு இருபத்தொண்ணு."

மகள் இப்போதுதான் அவரைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"என் வயசு முழுக்க எல்லாத்துக்கும் வேணாம் வேணாம்னு சொன்னீங்க, ஒண்ணையும் நான் நம்பல," என்றாள். "ஒரே ஒரு தடவை சரின்னு சொன்னீங்க. கீழ மாட்டியிருக்கிறதை மத்தியானம் போய்ப் பார்த்தேன். போட்டோ எடுத்து வெச்சேன்பா."

மனைவி வந்து சேர்ந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் புரிந்தது. ஏங்க என்று மட்டும் சொன்னாள். பிறகு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, மகளுக்கும் குழந்தைக்கும் விசிறத் தொடங்கினாள். ஐந்து முயற்சிகளின் கணக்கும் காற்றில் படபடத்தது.

அபாயம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே அவருக்கு விடைகொடுக்க மாலை வாங்கி வைத்திருந்தார்கள். மாலை இருக்கட்டும், இதை எழுதிக்கோங்க என்றார். ஆறாவது மாடிக் கொக்கி தேய்ந்திருக்கிறது. தெரிந்தே சரி என்று எழுதினேன். என் பெயரைப் போட்டு அப்படியே எழுதுங்கள். எதிர்முனையில் யாரோ, எந்தப் பேரு சார் என்று கேட்டார்கள். அவர் நிதானமாகத் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

ஆள் வரும்வரை கதவைவிட்டு நகரமாட்டேன் என்றார். பிறகு, மகளிடமா தரையிடமா என்று தெரியாதபடி சொன்னார்:

"நாளைக்குக் காப்பகத்துலயே விட்டுடும்மா. என்கிட்ட விடாதே."

குழந்தை அழுது ஓய்ந்து, விரலைச் சூப்பிக்கொண்டு, கதவோடு கதவாக உட்கார்ந்திருந்த கிழவரை வேடிக்கை பார்த்தது. எட்டாவது மாடியில் லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் ஒரு கணம் வந்து இறங்கிப் போயிற்று. தன் கையை நம்பப் பயந்தோ என்னவோ, மகள் குழந்தையோடு தவழ்ந்து வந்து அதை அவர் மடியில் கிடத்தினாள். கிடத்திவிட்டுக் குழந்தையின் சட்டையிலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

"உங்க வீட்டு ஜன்னல்ல, கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு விரல். தலை நுழையாது. ஆனா..." பழக்கதோஷத்தில் வாயை மூடிக்கொண்டார்.

விசிறல் நின்றது. மனைவி நோட்டை மூடிப் படியில் வைத்தாள்.

"ஆனா?" என்றாள் மகள். "சொல்லுங்கப்பா. அந்த ஆனாவைச் சொல்லுங்க."